ஒலிப் பகுதி – வாசகர் கேள்வி பதில்: எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்கள்

சென்ற இதழில், ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் தயாரித்த எஸ்ஆர்-007 என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை நண்பர் ஒருவர் இரண்டு மாதம் என்னிடம் கொடுத்து வைத்திருந்ததையும், அதில் நான் கேட்டவற்றையும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதி ஒலியைப் பற்றியவை. மீதி, தலையில் மாட்டிக்கொள்வதைப் பற்றியவை. இவை இரண்டும் ஒரே விஷயம்தான் என்பதை அந்த இரண்டு மாதத்தில் நன்றாகவே உணர்ந்தேன். ஆகையால் கடிதங்களைப் பிரிக்காமல், வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009 கேட்டேன். குரலும் வயலினும் அவ்வளவு தெளிவாக இருந்தன. ஆனால் மிருதங்கத்தின் அடி நெஞ்சில் வந்து விழவில்லை. இது கருவியின் குறையா, என் காதுப் பழக்கமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் டைனமிக் ஹெட்போனில், காந்தத்துக்கு நடுவே இருக்கும் கம்பிச்சுருள் அசைந்து, தன்னோடு ஒட்டியிருக்கும் கூம்பைத் தள்ளுகிறது. விசை விழுவது சுருள் ஒட்டியிருக்கும் வளையத்தில் மட்டும்தான். கூம்பின் மற்றப் பகுதிகள் அதைப் பின்தொடர்ந்து ஓட வேண்டும். எலக்ட்ரோஸ்டாட்டிக் வகையில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, மின்னேற்றிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டின் மின்னழுத்தம் தகடுகளில் ஏறி இறங்கும்போது, ஒரு தகடு இழுக்க மறு தகடு தள்ள, சவ்வு தன் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் அசைகிறது. அந்தச் சவ்வு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடி 70 மைக்ரானை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்றரை மைக்ரான் சவ்வின் எடை, அதே பரப்பில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் காற்றின் எடைக்குச் சமமாகிறது. அதாவது, தான் தள்ள வேண்டிய காற்றைவிடப் பெரிதாகக் கனக்காத ஒரு பொருள்தான் அங்கே அசைகிறது. நீங்கள் கேட்ட தெளிவின் பெரும்பகுதி இதிலிருந்து வருவது. சுரம் தொடங்கும் இடமும் அது அடங்கும் இடமும் மழுங்காமல் காதுக்கு வருகின்றன.

ஆனால் அந்தச் சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே பெரிய டைனமிக் ஹெட்போனைப் போல முன்னும் பின்னும் நெடுகப் பாய்ந்து, காற்றை மொத்தமாகத் தள்ளி, அடியை உடம்பில் உணர வைக்க இதனால் முடியாது. இதைக் குறை என்று சொல்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் வாரம் நானும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கனம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வாரம் ஒரு தனி ஆவர்த்தனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வித்வான் இடக்கையின் அடிப்பகுதியைத் தொப்பியில் அழுத்தி இழுக்கும் கும்கி, ஒரு சுருதியில் புறப்பட்டு இன்னொரு சுருதிக்கு வழுக்கிச் செல்வது முழுமையாகக் கேட்டது. தொப்பியில் அப்பிய ரவையின் ஈரம் தெரிகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனாலும் எனக்கு அப்படித்தான் கேட்டது. என் பழைய ஹெட்போனில் அது "தும்" என்ற ஒரே அடியாக மட்டும்தான் இருந்து வந்தது. அடியின் கனத்தைக் கொடுத்துவிட்டு அடியின் உருவத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது காரணம். உங்கள் உறவினர் தன் தலைக்கு ஏற்றபடி வைத்திருந்த ஹெட்பேண்டை அப்படியே மாட்டிக்கொண்டு கேட்டீர்களா? இயர்பேட் காதைச் சுற்றி முழுவதும் படியாமல் எங்காவது ஓரிடத்தில் விலகி நின்றால், அந்தச் சந்து வழியே முதலில் வெளியேறுவது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிதான். அடுத்த முறை கேட்கும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெல்ல அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால், நீங்கள் கேட்டது அந்த ஹெட்போனின் முழு ஒலியை அல்ல.

கேள்வி: நான் கண்ணாடி அணிபவள், காதில் ஜிமிக்கியும் உண்டு. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்பேன். இவ்வளவு பெரிய ஹெட்போன் தாங்குமா? கழுத்து வலிக்காதா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: எடையிலிருந்து தொடங்குவோம். எஸ்ஆர்-009 கேபிள் இல்லாமலே 450 கிராமை ஒட்டி வரும். நீள்சதுரக் கிண்ணங்களைக் கொண்ட ஸ்டாக்ஸின் லாம்டா வரிசை ஹெட்போன்கள் கேபிள் இல்லாமல் 400 கிராமுக்குக் குறைவு. அந்த வடிவம் 1979 முதல் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் வேறுபாடு சிறிதாகத் தெரியும். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். ஸ்டாக்ஸில் மேலே வளைந்து நிற்கும் சட்டம் தலையைத் தொடுவதில்லை. அதற்குக் கீழே தொங்கும் அகலமான பட்டைதான் உச்சந்தலையில் படிந்து எடையைப் பரப்புகிறது. இந்தப் பட்டை சரியான உயரத்தில் நின்றால் மூன்று மணி நேரமும் கழுத்துக்குத் தெரியாது. ஒரு படி கீழே நின்றால் எடை முழுவதும் உச்சியில் இறங்கி, அரை மணியில் தலையில் ஒரு கோடு விழுந்ததுபோல் இருக்கும். ஒரு படி மேலே நின்றால் கிண்ணங்கள் சரிந்து, காதுக்குக் கீழே சந்து விடும். ஆகவே வாங்கிய முதல் நாள் பாட்டை மறந்துவிட்டு, கண்ணாடி முன் நின்று இதை மட்டும் சரிசெய்யுங்கள்.

கண்ணாடிக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் காம்பு இயர்பேடுக்கு அடியில் புகுந்து, காதுக்கு மேலே சிறு வாய்க்காலை உண்டாக்கிவிடுகிறது. நான் சோதித்துப் பார்த்தேன்: தடித்த பிளாஸ்டிக் காம்புள்ள என் பழைய கண்ணாடியோடு தம்பூராவின் மந்தர ஷட்ஜம் மெலிந்து, தந்திகளின் சலசலப்பு மட்டும் மேலோங்கியது, கண்ணாடியைக் கழற்றியதும் ஷட்ஜம் திரும்ப வந்து உட்கார்ந்தது. மெல்லிய கம்பிக் காம்புள்ள கண்ணாடியோடு வேறுபாடு மிகக் குறைவு. கேட்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

ஜிமிக்கியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இயர்பேடின் தோலில் கல் உரசும் என்பது ஒரு காரணம். உள்ளே தகட்டை மறைத்திருக்கும் மெல்லிய துணியில் கொக்கி மாட்டிக்கொள்ளும் அபாயம் அதைவிடப் பெரியது. சிறிய தோடு பாதகமில்லை.

இன்னொன்று, நம் ஊர் வெயில். மேல்நிலை மாடல்களின் இயர்பேட் ஆட்டுக்குட்டித் தோலால் ஆனது. செயற்கைத் தோலைவிட மென்மை, உறுத்தலும் குறைவு. ஆனாலும் சித்திரை வைகாசியில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டால் இருபது நிமிடத்தில் காதைச் சுற்றி வியர்த்துவிடும். அதோடு, இந்த ஹெட்போன்களின் முதுகு திறந்திருப்பதால் விசிறியின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும். உங்கள் பாட்டும் அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். நான் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், ஏசியைக் குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு மணிக்கு ஒருமுறை கழற்றி, பருத்தித் துணியால் காதையும் பேடையும் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் சுகம், தோலுக்கும் ஆயுள்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாக்ஸின் கேபிள் ரிப்பன்போல் தட்டையாக, அகலமாக இருக்கும். கம்பிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்தால்தான் மின்தேக்கு அளவு குறையும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். புடவைத் தோளில் அது வழுக்கி வழுக்கி இறங்கும். நாற்காலியின் பின்பக்கமாக வழிய விட்டால் தொந்தரவில்லை.

கேள்வி: காதுக்கு இத்தனை அருகில் 580 வோல்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பயப்படுவதில் தவறில்லை, எனக்கும் முதலில் அந்தக் கேள்வி இருந்தது. சவ்வுக்கு மின்னேற்றம் தரும் 580 வோல்ட், ஆம்ப்ளிஃபயருக்குள் சில மெகா ஓம் அளவுள்ள மின்தடை வழியாகத்தான் வெளியே வருகிறது. 5 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த வழி நேராகத் தொட்டாலும் பாயக்கூடியது 0.12 மில்லியம்பியருக்கும் குறைவு. அது உடலுக்குத் தீங்கு செய்யும் அளவல்ல. ஆனால் தகடுகளுக்குச் செல்லும் பாட்டின் மின்னழுத்தத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதுவும் சில நூறு வோல்ட் வரை போகக்கூடியது, அதன் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் முழு பலமும் இருக்கிறது. சரியாகத் தயாரித்த ஹெட்போனில் அந்தத் தகடுகளை விரல் தொட வழியே இல்லை. ஆகவே ஈரத் தலையோடு அணிய வேண்டாம், நைந்த கேபிளைப் பயன்படுத்த வேண்டாம், ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்கவே வேண்டாம். யாரோ வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபயர் மலிவாகக் கிடைக்கிறது என்றால், விவரம் தெரிந்தவர் ஒருவர் உள்ளே பார்த்துச் சொல்லாமல் அதைத் தலையோடு இணைக்காதீர்கள்.

கேள்வி: இதைக் கைபேசியில் நேரடியாகச் செருகலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முடியாது. இதற்கென்றே செய்த உயர் மின்னழுத்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும். எஸ்ஆர்-009 ஏறத்தாழ 100 டெசிபல் ஒலிக்க 100 வோல்ட் கேட்கிறது. கைபேசி தருவது ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள். கைபேசியின் ஒலியை ஒரு டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வழியாக அந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துக் கேட்கலாம்.

கேள்வி: பழைய லாம்டா ஒன்று வாங்கியிருக்கிறேன். தலையில் மாட்டி அழுத்தும்போது காதுக்குள் "பர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறது. சில நாட்களில் இடப்பக்கம் ஒலி குறைவாகவும் இருக்கிறது. பழுதா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவது பழுதல்ல. பேட் காதைச் சுற்றி நன்றாக மூடிக்கொள்ளும்போது உள்ளே அடைபட்ட காற்று சவ்வை ஒரு தகட்டின் பக்கம் தள்ளுகிறது; அப்போது எழும் சத்தம் அது. எஸ்ஆர்-007-இல் இது இன்னும் பலமாகவே கேட்கும். பேட் சரியாகப் படிந்திருக்கிறது என்பதற்கு அதை ஓர் அடையாளமாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் சீறலோ கிறீச்சிடலோ தொடர்ந்தால் மட்டும், உள்ளே தூசியோ ஈரமோ புகுந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது விஷயத்தில், முதலில் குறை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்போனைத் திருப்பி, இடக்கிண்ணம் வலக்காதில் வரும்படி மாட்டிப் பாருங்கள். குறைவு இடக்காதிலேயே நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டியது காதை. குறைவு கிண்ணத்தோடு வலக்காதுக்கு வந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, பிளேயரிலிருந்து அதற்குள் வரும் இரண்டு ஆர்சிஏ வயர்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். குறைவு மறு கிண்ணத்துக்குத் தாவினால் தவறு பிளேயரிலோ அந்த வயரிலோ. தாவாமல் இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலோ ஹெட்போனிலோ.

ஹெட்போனில்தான் என்றால், கடற்கரைக்கு அருகில் குடியிருக்கும் உங்களுக்குக் காற்றின் ஈரத்தைத்தான் முதலில் சந்தேகிக்கச் சொல்வேன். சவ்வில் இருக்கும் மின்னேற்றம் கசியாமல் நின்றால்தான் ஒலி நிற்கும். ஈரமும் உப்பும் அதற்குக் கசிய வழி அமைத்துத் தருகின்றன. சில நாட்களில் மட்டும் குறைகிறது என்று நீங்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது. ஐப்பசி மழையில் எனக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. ஹெட்போனைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்து, பிறகு கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆம்ப்ளிஃபயரைப் போட்டு இணைத்து வைத்தேன். இரு பக்கமும் சமமாகிவிட்டன. அதன்பின் அந்த டப்பாவே அதன் இருப்பிடமாயிற்று. ஹேர் ட்ரையரால் சூடு காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தச் சவ்வு சூட்டைத் தாங்காது. இவ்வளவு செய்தும் சரியாகவில்லையென்றால், சவ்வின் பூச்சு தேய்ந்திருக்கலாம். பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய லாம்டாவில் இயர்பேட் காய்ந்து விறைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால்தான் ஒட்டியிருக்கும். புது பேட் போட்டவுடன் பேஸ் திரும்பி வருவதைக் கேட்பது தனி மகிழ்ச்சி.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் மகன் பழைய ஸ்டாக்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அனுப்புகிறேன் என்கிறான். என்னிடம் புதிய ஹெட்போன் இருக்கிறது. கவனிக்க வேண்டியவை எவை?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலாவது, மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். உங்களுக்கு 230 வோல்ட். பின்பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால், நேராகச் செருகிய கணமே அது போய்விடும். 230-ஐ 100-ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது. அதுவும் பத்து சதவீதம் கூடுதல் என்பதால், வருடக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது, செருகி. ஸ்டாக்ஸின் பழைய நார்மல் வகை 230 வோல்ட் மின்னேற்றத்தில் இயங்குவது, ஆறு ஊசி கொண்டது. பின்னாளில் வந்த ப்ரோ வகை 580 வோல்ட், ஐந்து ஊசி. ஆறு ஊசிச் செருகி ஐந்து துளைச் சாக்கெட்டில் நுழையாது. பழைய சவ்வு அதிக மின்னழுத்தத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் உங்கள் புதிய ஐந்து ஊசிச் செருகி பழைய ஆறு துளைச் சாக்கெட்டில் நுழைந்துவிடும்; கெடுதல் ஒன்றும் நேராது, ஒலி மட்டும் தணிந்து உயிரற்றுக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். சாக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, துளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகள், இரைச்சலும் கீறலும் நிறைந்தவை. இவ்வளவு நுட்பமான ஹெட்போனில் அவை கேட்கச் சகிக்குமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான கேள்வி இது, ஏனென்றால் என் சேகரிப்பும் அப்படிப்பட்டதுதான்.

இரைச்சல் குறையாது, முழுவதும் கேட்கும். ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சாதாரண ஹெட்போனில் இரைச்சலும் பாட்டும் ஒன்றோடொன்று குழம்பி ஒரே பரப்பாகக் கேட்டன. எஸ்ஆர்-007-இல் நாடாவின் "ஸ்ஸ்" என்ற ஒலி ஒரு தனித் திரைபோல் விலகி நின்றது. பாட்டு அதற்குப் பின்னால் தன் இடத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மனம் அந்தத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டது. ஆனால் வெடிப்புபோல் வரும் கீறல்களை அப்படி விலக்க முடியவில்லை. அவை கூர்மையாகவே வந்து குத்தின. அத்தகைய பதிவுகளை நான் பழைய ஹெட்போனில்தான் இன்றும் கேட்கிறேன்.

பெரிய பரிசு கிடைத்தது வீணைப் பதிவுகளில். நகம் தந்தியை மீட்டிய பிறகு, அந்த நாதம் தேயத் தேய, இடக்கை விரல் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரத்தை எட்டும் இடம் இருக்கிறதே, அங்கே ஒலி மிக மெல்லியது. வழக்கமாகத் தம்பூராவில் கரைந்துவிடும். இதில் அது கரையவில்லை. ஒரே மீட்டில் எத்தனை சுரங்கள் பேசின என்று எண்ண முடிந்தது. தம்பூராவும் அவ்வாறே: தந்திகளைத் தாங்கும் குதிரையில் செருகிய நூல் உண்டாக்கும் ஜீவாவில், ஷட்ஜத்துக்குள்ளிருந்து காந்தாரம் மெல்ல எழுவதை விளக்கை அணைத்துவிட்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதாரண ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிதறல் தெரிந்து காதே நிறுத்தச் சொல்லும். இதில் சிதறல் அவ்வளவு குறைவென்பதால் அந்த அறிவிப்பு வருவதில்லை. மெல்லியதைக் கேட்கும் ஆசையில் கூட்டிக்கொண்டே போய்விடுவோம். உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் குமிழில் ஒரு பென்சில் கோடு போட்டு, அதைத் தாண்டாமல் கேட்டேன்.

கேள்வி: லாம்டா வரிசையின் எஸ்ஆர்-எல்700, எஸ்ஆர்-007 இரண்டில் எதை வாங்கலாம்? இரவில் மூன்று மணி நேரம் கேட்பவன் நான். இதற்கும் மேலே செல்பவை உண்மையிலேயே அத்தனை பணம் பெறுமா?
– ஒரு வாசகர், பெங்களூர்

பதில்: மேலே செல்பவற்றை முதலில் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் சென்ஹைசர் 1991-இல் ஆர்ஃபியஸ் என்ற பெயரில் வால்வு ஆம்ப்ளிஃபயரோடு 300 செட் மட்டும் செய்தது. அதன் வாரிசாக 2015-இல் அறிவித்த எச்இ-1, பளிங்குக் கல்லில் அமைந்த ஆம்ப்ளிஃபயரோடு 50,000 யூரோ அளவில் விலை சொல்லப்பட்டது. ஸ்டாக்ஸ் 2011-இல் எஸ்ஆர்-009-ஐயும், 2021-இல் எஸ்ஆர்-எக்ஸ்9000-ஐயும் கொண்டுவந்தது. இவற்றில் நான் நிதானமாகக் கேட்டிருப்பது 009-ஐ மட்டுமே. 007-ஐவிட அது மேல் ஸ்தாயியில் இன்னும் திறந்து ஒலிக்கிறது. வயலின் வில்லின் உரசல் இன்னும் பக்கத்தில் வருகிறது. மூன்று மணி நேரம் என்று வரும்போது, சற்றே இருண்டு ஒலிக்கும் 007-ஐயே நான் தேடிப் போவேன். இது முழுக்க என் காதின் தேர்வு.

எல்700, 007 இரண்டுக்கும் நடுவே முடிவு செய்ய, ஒலியைவிட உங்கள் தலையின் வடிவத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். லாம்டாவின் பெரிய நீள்சதுரக் கிண்ணம் பெரிய காதுகளையும் தொடாமல் உள்ளே வைத்துக்கொள்கிறது, அழுத்தமும் குறைவு, குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் தாடை மெலிந்தவர்களுக்குக் காதின் கீழ்ப் பக்கத்தில் பேட் படியாமல் சந்து விழலாம். 007-இன் வட்டக் கிண்ணத்தில் பேடின் தடிமன் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். அதைத் திருகித் திருகி உங்கள் காதின் பின்புறப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருத்த முடியும். நான் அதை ஒரு விரற்கடை பின்னால் திருப்பி வைத்த அன்றுதான் இரு பக்கமும் பேஸ் சமமாகி, பாடகர் வலப்பக்கத்திலிருந்து நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தார். அதற்கு முந்தின மூன்று வாரம் நான் பதிவையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரண்டையும் அணிந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பத்து நிமிடம் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். நன்றாகத் தெரிந்த ஒரே கச்சேரியை ஒன்றில் ஒரு மணி நேரம், மறு நாள் மற்றதில் ஒரு மணி நேரம், முதலில் தம்பூராவைக் கேட்டு பேடைச் சரிசெய்துகொண்டு கேளுங்கள். கழற்றும்போது காதோரம் சிவந்திருக்கிறதா, உச்சந்தலையில் அழுத்தம் தெரிகிறதா என்பதையும் ஒலியைப் பற்றிய குறிப்புகளோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.